தேயிலைத் தோட்டத்தை விற்று ரேஸ் சீட் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கோத்தகிரியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். என் அக்கா மகளுக்கு வயது 15. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகக் கோவைக்கு வந்து வாடகை கோ-கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) ஓட்டிப் பழகுகிறாள். போன வருடம் ஒரு உள்ளூர்ப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். நான் மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து அவளுக்கு மின்சாரக் கார்களின் உலகப் பந்தயமான ஃபார்முலா ஈ மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரி சதவீதத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். "மாமா, பிரேக்கையே தொடாம இறங்கிரலாம்" என்பாள். எஸ்டேட் ரோட்டில் அவளுக்குக் காரை ஓட்டக் கொடுத்திருக்கிறேன். விடிகாலையில் மெயின் ரோட்டிலும் ஓரிரு தடவை கொடுத்தேன். இப்போது ஒருவர் "எஃப்4 சீட்" வாங்கித் தருகிறேன் என்று பெரிய தொகை கேட்கிறார். அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலைதான் உங்களுக்கே தெரியுமே, விற்றுவிடலாம் என்று அக்காவே சொல்கிறாள். விற்கலாமா? மின்சார ரேஸிலேயே ஆரம்பித்து அதிலேயே மேலே போக வழி உண்டா? மலையில் வளர்ந்த பிள்ளை என்பது உதவுமா? அப்புறம், என் பைக் ஹெல்மெட்டை அவள் கார்ட்டுக்குப் போடலாமா?

— கோத்தகிரி வாசகர்

பதில்:

தோட்டத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். விற்காதீர்கள்.

உங்கள் மருமகளுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் அவள் ஓட்டிப் பார்த்ததில்லை. நான் சொல்வது பணத்தைப் பற்றி. ரேஸில் ஒரு சீசன் என்பது வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. சில மாதங்களில் தீர்ந்துபோகும். அடுத்த சீசனுக்கு மறுபடியும் அதே தொகை வேண்டும், ஒரு படி மேலே போனால் அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஒன்றரை ஏக்கரை விற்றால் ஒரு சீசன் ஓடலாம். இரண்டாவதுக்கு விற்க என்ன இருக்கிறது? நகையை வைத்து, நிலத்தை விற்று ஒரே ஒரு சீசன் ஓடிவிட்டு நின்றுபோன பிள்ளைகளைக் கோவை செட்டிபாளையத்தின் கரி ரேஸ் தடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் வேகம் போதாமல் நின்றவர்கள் குறைவு. காசு தீர்ந்து நின்றவர்கள்தான் அதிகம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் அம்மாவின் நிலத்தையும் ஏற்றி வைத்தால் அவளால் நிம்மதியாக ஒரு முந்தல்கூடச் செய்ய முடியாது, இடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே ஓட்டுவாள். பயந்து ஓட்டுகிற பிள்ளையை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

அடுத்து அந்த "எஃப்4 சீட்", அதாவது ஃபார்முலா 4 ரேஸ் அணியில் ஓட்டும் இடம். நம்மூரில் இந்தப் பெயரில் இரண்டு வகைக் கார்கள் ஓடுகின்றன. ஒன்று எல்ஜிபி ஃபார்முலா 4. கோவையில் செய்தது, மாருதி ஸ்விஃப்டின் 1300 சிசி இன்ஜின். பல ஆண்டுகளாகத் தேசியப் போட்டிகளில் ஓடும் நல்ல பயிற்சிக் கார், நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில்தான் கை பழகினார்கள். இன்னொன்று எஃப்4 இந்தியன் சாம்பியன்ஷிப் கார். பிரான்சின் மைகேல் நிறுவனத்துக் கார், கார்பன் ஃபைபர் கூடு, தலைக்கு மேல் ஹேலோ என்ற பாதுகாப்பு வளையம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அங்கீகாரம் உள்ளது, மேலே போவதற்கான லைசென்ஸ் புள்ளிகள் இதில்தான் கிடைக்கும். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடியதே, அது இந்தக் கார்தான். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்களிடம் பேசியவர் எதைச் சொன்னார்? அதை முதலில் கேளுங்கள்.

கேட்டுவிட்டு எழுத்தில் வாங்குங்கள். எத்தனை ரவுண்டு, எத்தனை செட் டயர், எத்தனை பயிற்சி நாள், இன்ஜின் வாடகை சேர்த்தா சேர்க்காமலா, நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடித்தால் யார் பணம்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் டேமேஜ் பில் ஓட்டுநர் தலையில்தான் விழும். முன் விங் ஒன்று, சஸ்பென்ஷன் கை இரண்டு போனால் அன்றைய நாளே நஷ்டம், அதுவும் பக்கத்துக் கார்க்காரன் வந்து இடித்ததாக இருந்தாலும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரத் தயங்குகிறவர் சீட் விற்பவர் இல்லை, கமிஷன் பார்ப்பவர். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. அந்த அணி அங்கே பதிவானதா என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

சரி, மின்சார ரேஸிலேயே ஆரம்பித்து மேலே போக முடியுமா? இன்றைக்கு முடியாது. சும்மா பயமுறுத்தவில்லை, நடந்ததைப் பாருங்கள். ஃபார்முலா ஈ 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கியது. அதற்குத் துணையாக ஜாகுவார் ஐ-பேஸ் கார்களை வைத்து ஒரு கோப்பை 2018-ல் வந்தது, 2020-லேயே முடிந்தது. பாலைவனத்திலும் கரடுமுரடான நிலத்திலும் ஓடிய எக்ஸ்ட்ரீம் ஈ 2021-ல் வந்தது. ஒவ்வொரு அணியிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று கட்டாய விதி வைத்திருந்தார்கள். உங்கள் மருமகளுக்கு அதுதான் பொருத்தமான இடமாக இருந்திருக்கும், ஆனால் 2024-க்குப் பிறகு அது இல்லை. மோட்டோஜிபியோடு ஓடிய மின்சார பைக் போட்டி 2019-ல் ஆரம்பித்து 2025-ஓடு நிறுத்திவைக்கப்பட்டது. ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரி 11 அன்று ஃபார்முலா ஈ ஓடியபோது இனி வருடா வருடம் நம் பக்கத்திலேயே நடக்கும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த வருடப் பந்தயமே ரத்தாகிப் போனது.

ஆக, மேல்படி ஒன்று உறுதியாக நிற்கிறது, கீழ்ப்படிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. அந்த மேல்படிக்கு வந்தவர்கள் எல்லோரும் பெட்ரோல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். டெய்லர் பர்னார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட், எஃப்4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று ஏறி வந்தவர். மெக்லாரன் ஃபார்முலா ஈ அணியில் ரிசர்வ் ஆளாக உட்கார்ந்திருந்தார். 2024-ல் மொனாக்கோவில் சாம் பேர்டுக்குப் பயிற்சியின்போது கையில் அடிபட, அன்றைக்கே இவரை ஏற்றினார்கள். வயது 19, ஃபார்முலா ஈயில் அதுவரை பந்தயம் ஓடிய ஆட்களிலேயே இளையவர். அதே ஆண்டு டிசம்பரில் சாவோ பாலோவில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். கதவு திறந்த நிமிடத்தில் அவர் தயாராக இருந்தார். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்கே அத்தனை பெட்ரோல் சீசன்கள் தேவைப்பட்டன.

நம்மவர்களைப் பார்ப்போம். மஹிந்திரா முதல் சீசனிலிருந்தே இந்தப் போட்டியில் இருக்கும் அணி. இருந்தும் இத்தனை ஆண்டில் ஃபார்முலா ஈ பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இருவர்தான். சென்னையின் கருண் சந்தோக், ஃபார்முலா 1 வரை போய்வந்த பிறகு முதல் சீசனில் மஹிந்திராவுக்கு ஓட்டினார். அப்புறம் மும்பையின் ஜெஹான் தாருவாலா. ஃபார்முலா 2-வில் நான்கு சீசன் ஓடி, அங்கே பந்தயங்கள் ஜெயித்து, மஹிந்திராவின் ரிசர்வ் ஓட்டுநராக இருந்து, 2023–24-ல் மசெராட்டி அணியில் இடம் பிடித்தார். ஒரு சீசன்தான், அடுத்த ஆண்டு அந்த இடம் அவருக்கு இல்லை. உலகம் முழுவதற்கும் சேர்த்து இருபது, இருபத்திரண்டு இருக்கைகள் உள்ள வேலை இது. வயது 15, இதுவரை வாடகை கார்ட் மட்டும் என்றால் தாமதம்தான். அங்கே இருப்பவர்களில் பலரும் எட்டு ஒன்பது வயதிலேயே சொந்தக் கார்ட்டில் பந்தயம் ஓடியவர்கள். அதற்காக அவளை நிறுத்தச் சொல்ல மாட்டேன், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஓடட்டும் என்கிறேன்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உங்கள் மருமகள் பேட்டரி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். மூன்றாவது இடமோ எஸ்டேட் ரோட்டில் காரை ஓட்டியதோ இல்லை.

ஃபார்முலா ஈயில் மூன்றாம் தலைமுறைக் கார் ஒரு பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும் மின்சாரம் சுமார் 38.5 யூனிட். தடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். நம் வீட்டு மின்கணக்கில் வருகிறதே, அதே யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிகூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய காரை முக்கால் மணி நேரம் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். முழுக்க மிதித்து ஓட்டினால் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு ஸ்டீயரிங் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், காதில் பொறியாளரும் சொல்லிக்கொண்டிருப்பார். பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 40 சதவீதம் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வருவது. முன்பக்க மோட்டாரும் பின்பக்க மோட்டாரும் சேர்ந்து 600 கிலோவாட் வரை திரும்ப இழுக்கும். பின்சக்கரங்களில் வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே வைக்கவில்லை, மோட்டார்தான் நிறுத்துகிறது.

இதில் ஓட்டுநரின் வேலை எங்கே இருக்கிறது என்றால் நேர்ப்பாதையின் கடைசியில். வளைவு வருவதற்கு முன்பே, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கும் முன்பே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காரை உருள விடுவார்கள். லிஃப்ட் அண்ட் கோஸ்ட் என்று சொல்வோம். ஏன் அங்கே? உச்ச வேகத்தில் காற்றின் எதிர்ப்பு மிக அதிகம். அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில் மிதிப்பதால் நேரத்தில் கிடைப்பது சொற்பம், செலவாகும் மின்சாரம் ஏராளம். அதே மின்சாரத்தை வளைவிலிருந்து வெளியே வரும்போது செலவழித்தால் நேர்ப்பாதை முழுவதும் வேகமாக வரலாம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவர் சேமித்துக்கொண்டு வருவார். அதனால் சில தடங்களில் பந்தயத்தின் பாதிவரை யாருமே முதலிடத்தில் இருக்க விரும்ப மாட்டார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இதென்ன ரேஸ் என்று தோன்றும். எனக்கு இதுதான் ரேஸ்.

2021 ஏப்ரலில் வலென்சியாவில் நடந்ததை அவளுக்குத் தேடிக் காட்டுங்கள். மழை. விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்பு கார் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதைய விதிப்படி பாதுகாப்பு கார் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு யூனிட்டைக் கழித்துக்கொண்டே வந்தார்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விட்டது. பந்தயம் 45 நிமிடம், அப்புறம் ஒரு சுற்று. முன்னால் போன அந்தோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா, கடிகாரத்தில் சில நொடிகள் மிச்சம் இருக்கும்போதே முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டார். அந்தச் சில நொடிகளால் எல்லோருக்கும் ஒரு சுற்று கூடிப்போனது. அந்தச் சுற்றுக்குப் பெரும்பாலோரிடம் மின்சாரம் இல்லை. டா கோஸ்டா உட்பட ஒவ்வொருவராக ஊர்ந்தார்கள், சிலர் நின்றே போனார்கள். கணக்கோடு மிச்சம் வைத்திருந்த நிக் டி வ்ரீஸ் ஜெயித்தார். அந்த ஆண்டு உலக சாம்பியனும் அவர்தான். முன்னால் போன அணியில் ஓட்டுநரும் பொறியாளரும் சேர்ந்து கோட்டைப் பத்துப் பதினைந்து நொடி தாமதமாகத் தாண்ட முடிவெடுத்திருந்தால் கதையே வேறு. இந்த விளையாட்டில் ஒருவருக்கு வேலை கிடைப்பதும் போவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மலையில் வளர்ந்தது உதவுமா என்று கேட்டீர்கள். மலை ரோட்டில் ஓட்டியவனுக்கு ரேஸ் தானாக வரும் என்று ஊட்டியிலிருந்து பொள்ளாச்சி வரை ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் ரோட்டின் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள், எதிரில் பஸ் வரும் என்ற நினைப்போடுதான் திருப்புகிறீர்கள். அதுதான் சரியும்கூட. தடத்தில் முழு அகலமும் உங்களுடையது, டயர் தாங்கும் கடைசி எல்லை வரை பிரேக் பிடிக்க வேண்டும். மலைப் பிள்ளைகள் கார்ட்டில் உட்கார்ந்தால் முதலில் செய்வது சீக்கிரமாக, மென்மையாக பிரேக் பிடிப்பது. அதை மறக்கடிக்கவே எனக்கு ஒரு சீசன் ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், வருடங்கள் கழித்து மின்சாரக் காருக்கு வந்தால் அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதியை, முன்கூட்டியே பார்த்துக் காலை எடுப்பதை, திரும்பவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த வரிசையை மாற்ற முடியாது. முதலில் வேகம், அப்புறம்தான் சிக்கனம். மெதுவாக ஓட்டத் தெரிந்தவரைச் சேமிப்பவர் என்று எந்த அணியும் எடுத்துக்கொள்ளாது.

உங்கள் மலை கற்றுக்கொடுக்கக்கூடியது வேறொன்று, அது ஸ்டீயரிங்கைத் தொடாமலே கிடைக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300-ஐக் கொஞ்சம் தாண்டும். ஒன்றரை டன் காரை அவ்வளவு தூரம் கீழே இறக்கினால் கணக்குப்படி ஆறு யூனிட் ஆற்றல் வெளிப்பட வேண்டும். டயர் உராய்வு, காற்று, மோட்டார் இழப்பெல்லாம் போக அதில் பாதி பேட்டரிக்குத் திரும்பினாலே நல்லது. அவளை ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். கிளம்பும்போது எத்தனை சதவீதம், குஞ்சப்பனையில் எத்தனை, அடிவாரத்தில் எத்தனை, காரில் எத்தனை பேர், மழையா வெயிலா, விடிகாலைக் குளிரா மதியமா. இரவு நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக் கிளம்பும் நாளில் முதல் சில வளைவுகளில் ரீஜென் (வேகம் குறையும்போது மின்சாரத்தைத் திரும்ப எடுப்பது) ஏன் கையைவிரிக்கிறது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ள முடியாது, குளிர்ந்த பேட்டரியும் தயங்கும். (இது உங்களுக்கும் ஆகும். இறக்கத்தில் கிளம்புவதாக இருந்தால் 85, 90-ல் சார்ஜை நிறுத்துங்கள், பிரேக் பேட் ஆயுள் கூடும். 'பிரேக்கையே தொடாமல்' என்பதை மட்டும் விளையாட்டாகக்கூட முயல வேண்டாம்.)

இனி கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் மெயின் ரோட்டில் அவளிடம் காரைக் கொடுத்தது அன்போடு செய்ததுதான், ஆனால் மறுபடி கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. உங்கள் பிழைப்பே அந்த வண்டி. அதைவிட, அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. அவள் ஆசைப்படும் வேலைக்கு அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேறு என்ன வேண்டும்? கார்ட் தடத்தில் ஓட்ட ரோடு லைசென்ஸ் தேவையில்லை. வேகமெல்லாம் அங்கே வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

இந்த வருடம் பத்தாம் வகுப்பு. தேர்வு முடியும்வரை மாதம் ஒருமுறை கார்ட் போதும். முடிந்ததும் வாடகை கார்ட்டிலிருந்து பந்தயக் கார்ட்டுக்கு மாறுவதுதான் உண்மையான முதல் படி, இரண்டுக்கும் இன்ஜின், டயர், பிடிமானம் எல்லாமே வேறு. சொந்தமாக வாங்காதீர்கள். அணிகளிடம் ஒரு நாள் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். அப்படிச் சில நாட்கள் ஓட்டி, அதே தடத்தில் அதே வகைக் கார்ட்டில் ஓடும் தேசிய அளவுப் பிள்ளைகளின் லேப் நேரத்தோடு அவள் நேரத்தை ஒப்பிடுங்கள். ஒரு நொடிக்குள் இருந்தால் மேலே பேசலாம். மூன்று நொடி பின்னால் என்றால் இன்னும் பயிற்சி வேண்டும், பணம் போடும் நேரம் அதுவல்ல. உள்ளூர்ப் போட்டியில் மூன்றாவது என்பதைவிட இந்த எண் நிறையச் சொல்லும், தயவு தாட்சண்யமும் காட்டாது. அந்த எண் நன்றாக இருந்தால் எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் எடுத்து, சீனியர் கார்ட் வகுப்பிலோ கரி தடத்தில் புதியவர்களுக்கு நடக்கும் ஃபார்முலா கோப்பையிலோ ஒரு சீசன். அதுவரை தேவைப்படும் பணம் நிலத்தை விற்கும் அளவுக்கு இருக்காது. அதற்கு மேல் உள்ள படிகளுக்கு நிலத்தை விற்றாலும் போதாது. அங்கேயெல்லாம் தேர்வு முகாம், ஸ்பான்சர், அணியின் ஆதரவு இல்லாமல் யாராலும் போக முடியாது. விளையாட்டு வீரர்களுக்கு உதவும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப்பை எடுக்கட்டும். மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. ஒரு ஃபார்முலா ஈ அணியில் ஓட்டுவது இருவர். அவர்களைச் சுற்றி ஆற்றல் கணக்குப் போடுபவர், மென்பொருள் எழுதுபவர், டேட்டா பார்ப்பவர், சிமுலேட்டரில் நாள் முழுக்க ஓட்டிக் காரை மேம்படுத்துபவர் என்று ஒரு கூட்டமே இருக்கும். நகரத் தெருவில் நடக்கும் பந்தயம் என்பதால் முன்கூட்டிப் போய் ஓட்டிப் பார்க்க முடியாது, தயாரிப்பில் பெரும்பகுதி சிமுலேட்டரில்தான். ஓட்டவும் தெரிந்து, டேட்டாவும் படிக்கத் தெரிந்தவர் மிக அரிது. செட்டிபாளையம் கரி தடத்திலேயே கல்லூரி மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது, அதில் மின்சாரக் கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே ஓட்டுவது. உங்கள் மருமகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஒரு சென்ட் நிலம்கூட விற்காமல் மின்சார ரேஸ் காருக்குள் அவள் உட்காரக்கூடிய வழி இது. நான் அவளுக்கு மாமனாக இருந்தால் இந்த வழியில்தான் அதிக நம்பிக்கை வைப்பேன், கார்ட்டையும் விடாமல்.

பெண் பிள்ளை என்பதால் அக்காவுக்குத் தயக்கம் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை, நானே யூகிக்கிறேன். சிமோனா டி சில்வெஸ்ட்ரோ 2016-ல் லாங் பீச்சில் புள்ளி எடுத்தார், ஃபார்முலா ஈயில் ஒரு பெண் புள்ளி எடுத்தது அதுவே முதல்முறை. 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஹராமா தடத்தில் பெண்களுக்கென்றே தனிச் சோதனை ஓட்டம் வைத்து எல்லா அணிகளையும் கார் கொடுக்க வைத்தார்கள். கதவு முழுதாகத் திறக்கவில்லை, ஆனால் தட்டினால் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். உடம்பைத் தயார் செய்ய வேண்டும். மூன்றாம் தலைமுறைக் காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. தோள், முன்கை, கழுத்து மூன்றும் வேண்டும். கொழுந்துக் கூடையோடு மேடேறிப் பழகிய குடும்பம், கால் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கண்ணு, இது உனக்கு. அடுத்த முறை கார்ட் ஓட்டும்போது ஐந்து சுற்று முழுக்க மிதித்து ஓட்டு. அடுத்த ஐந்து சுற்றில், மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில் மட்டும், வழக்கமாக பிரேக் பிடிக்கும் இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னால் காலை எடு. வேறு எதையும் மாற்றாதே. இரண்டு ஐந்துக்கும் சராசரி எடுத்து எவ்வளவு இழந்தாய் என்று எழுது. நீ நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். அப்புறம் அதையே குறுகிய நேர்ப்பாதையில் செய்து பார். ஏன் அங்கே அதிகமாக இழக்கிறாய் என்று உனக்கே புரிந்தால் எனக்கு எழுது. இன்னொன்று: ஃபார்முலா ஈ ஓட்டுநர்களுக்கு மின்சாரப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். காரின் விளக்கு சிவப்பாக எரிந்தால் காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடக்கூடாது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். மாமா காரில் ஆரஞ்சு நிற ஒயர் எங்கே போகிறது என்று பார்த்து வை, தொடாதே.

கடைசியாக ஹெல்மெட். பைக் ஹெல்மெட் வேண்டாம், ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாலும். கார்ட்டுக்கென்று ஸ்னெல் கே என்ற பாதுகாப்புத் தர முத்திரையோடு முழு முக ஹெல்மெட் கிடைக்கும், முத்திரை உள்ளே பஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும், பிரித்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. ஆன்லைனில் அளவு பார்த்து வாங்குவதும் வேண்டாம், அவளையே கடைக்கு அழைத்துப் போங்கள். பந்தயத்தன்று முடியை எப்படிக் கட்டுவாளோ அப்படியே கட்டிக்கொண்டு, கால் மணி நேரம் போட்டபடியே கடையில் உட்காரட்டும். நெற்றியில் வலித்தால் அந்த அளவு சரியில்லை, கன்னத்தில் இறுக்கினால் சரியாக இருக்கிறது.